கூலிக்காரனுக்கும் கொள்கை உண்டு

"முதல்ல வயிறு நிறையட்டும், நியாயமெல்லாம் அப்புறம்." புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். லயத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்கள் இதை ஒரு ஞானம் போலவே சொல்கிறார்கள். காசு கொடுத்துக் காரியம் முடித்தவனைப் பிழைக்கத் தெரிந்தவன் என்கிறோம். கொடுக்க மறுத்தவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று பிள்ளைகள் காதுபடப் பேசுகிறோம். தனக்கென்று ஒரு நெறியை வகுத்துக்கொண்டு வாழ்வது வசதிக்காரர்களுக்கே கட்டுப்படியாகும் என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை. அது பொய். சிலாங்கூர் தோட்டங்களின் வரலாறே அதற்குச் சாட்சி.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். இந்தியத் தொழிலாளிக்கு அப்போது சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலி. வேலை போனால் குடியிருக்கும் லயமும் போகும். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் திரண்ட அந்த மக்களின் கோரிக்கைகளில் கூலி உயர்வும் இருந்தது. ஆனால் அதோடு வேறென்ன கேட்டார்கள்? துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன். கூலியைக் கூட்டிக் கேட்க முதலாளியை எதிர்த்தால் போதும். மாலையில் தான் போய் உட்காரும் கடையை மூடச் சொல்பவனோ தன்னையே எதிர்த்து நிற்கிறான். வாங்கிய கூலி கள்ளில் கரைவதையும், அதன் அடியும் உதையும் வீட்டுப் பெண்கள்மேல் இறங்குவதையும் கண்ணால் கண்டு, இது எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். போருக்குப் பின் 1947-இல் கெடாவின் பீடோங் பக்கத்தில் தோட்ட மக்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்ததும் இதே பிடிவாதத்தால்தான். இவர்களில் யாருக்கும் வயிறு நிறைந்திருக்கவில்லை.

1941 ஏப்ரலில் கிள்ளான் தொழிலாளர்களின் கூலி ஓரளவு உயர்ந்தது. வயிறுதான் எல்லாம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானதும் அவர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துருப்புகள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். கூலிக்காரனுக்குச் சொந்தமாக எண்ணம் கிடையாது, யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றுதான் துரைமார் நம்பினார்கள். வயிற்றுப் பேச்சு பேசும்போது நாம் அந்தத் துரைமாரின் பக்கம் போய் நிற்கிறோம்.

பசி மனிதனை வளைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளையின் பால்மாவுக்காகத் தலைகுனிந்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. என் கோபம், மாதச் சம்பளமும் சொந்த வீடும் வந்த பிறகும் அந்தப் பழைய பசியைக் காட்டியே எதையும் நியாயப்படுத்துகிறவர்கள்மேல்.

இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள். அவர்களுக்கு மேலே மண்டோராக, கிராணியாக, குத்தகைக்காரராகப் பல இடங்களில் நம்மவர் இருக்கிறார்கள். 2020-இல் கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி எஃப்ஜிவி, சைம் டார்பி பிளான்டேஷன் ஆகிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அது சொன்ன அறிகுறிகளில் ஒன்று, தொழிலாளரின் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது. சைம் டார்பி மீதான தடை 2023-இல் நீங்கியது. பிறர் கடப்பிதழைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனாலும், "கையில கொடுத்தா ஓடிப்போயிடுவான்" என்று சொல்லும் நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் முன்னோரைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். ஒப்பந்தக் கூலி தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை என்று ஒரு காலத்தில் சட்டமே இருந்தது.

ஆகவே தனக்கென்று ஒரு நெறியை வகுத்து எழுத உட்காரும் மண்டோர், அன்பு, வாய்மை என்று பெரிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. சைக்கிளையும் கள்ளுக்கடையையும் பெயர் சொல்லிக் கேட்டவர்களைப் போல அவரும் பெயர் சொல்லி எழுதலாம். என் ஆட்களின் கடப்பிதழ் என்னிடம் இருக்காது. வெட்டிய குலையைக் குறைத்து எழுத மாட்டேன். காய்ச்சல் என்று சொன்னவனைப் பெரட்டில் நிறுத்தித் திட்ட மாட்டேன். இவற்றில் எதற்கும் காசு வேண்டாம்; நாளைக் காலைப் பெரட்டிலேயே தொடங்கலாம்.