அந்த நிலா யார் எடுத்தது?

பௌர்ணமி வந்தா போதும், தவளக்குப்பத்துக்குப் பக்கத்துல நல்லவாடு கடற்கரையில செல்போன் எல்லாம் வானத்தைப் பார்க்கும். வர்றது என்னவோ வெள்ளைப் புள்ளிதான்! நிலா மேல அடிக்கிறது வெயில். சுத்தியிருக்குற இருட்டைப் பார்த்து போன் வெளிச்சத்தைக் கூட்டிடுது. நிலாவைத் தொட்டு ஃபோகஸ் லாக் பண்ணி, வெளிச்சத்தைக் குறைங்க. போனைச் சாய்ச்சு வெச்சு டைமர் போடுங்க. கறை தெரியும்.

100 மடங்கு ஜூம் போன் இருக்கேங்கிறீங்களா? 2023 மார்ச்சில ஒருத்தர், வேணும்னே மங்கலாக்கின நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில வெச்சு சாம்சங் போன்ல எடுத்தார். திரையில இல்லாத பள்ளமெல்லாம் போன்ல வந்துச்சு! செயற்கை நுண்ணறிவுதான் விவரத்தைக் கூட்டுதுன்னு கம்பெனியே விளக்கம் கொடுத்தது. வராத காசை வரவு வெச்ச கணக்கு இது. அந்த வசதியை அணைச்சுட்டு எடுங்க மக்களே. மங்கலா இருந்தாலும் அது நீங்க பார்த்த நிலா!