அபர்வானில் நடந்தது விபத்தா?

அபர்வானைப் பற்றி எழுதுவோர் "விபத்து" என்ற சொல்லை எவ்வளவு எளிதாகக் கையாளுகின்றனர்! மழை பெய்தது, மலை சரிந்தது, பிள்ளைகள் மாண்டனர். இயற்கையின் கொடுமைக்கு யார் என்ன செய்ய முடியும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் பொய். பொய்யென்று கூறுவது நாமல்ல. பிரித்தானிய அரசே அமைத்த விசாரணை மன்றம் 1967 இல் கூறியது.

சரிந்தது மலையன்று. தென்வேல்ஸின் மேர்தர் வேல் நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவு, ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏழு குன்றுகளாகக் குவிக்கப்பட்டிருந்தது. 1958 இல் தொடங்கிய ஏழாவது குன்றை நீரூற்றின் மேலேயே குவித்தனர். அவ்வூற்று இரகசியமானதன்று, நிலப்படங்களிலே குறிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் பின்னே கழிவு கொட்டுவது ஆபத்து என்று 1963 இலேயே நகரசபைப் பொறியியலாளர் தேசிய நிலக்கரிச் சபைக்கு எழுதினார். கடிதங்கள் போயின, வந்தன. கொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, காலை 9.15. தவணை நடுவிடுமுறைக்கு முந்திய கடைசி நாள். பான்ட்கிளாஸ் பாடசாலைப் பிள்ளைகள் வகுப்பிலே அமர்ந்த சிறிது நேரத்தில் கருஞ்சேறு வந்து மூடியது. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் பிள்ளைகள். ஆசிரியர் ஐவரும் உடன் மடிந்தனர். நாள்தோறும் காலையில் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும் நம்மால் இதனை வெறும் எண்ணாகப் படித்துவிட்டுப் போக இயலுமா?

இங்கே நம்மவர் சிலருக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைத்துப் பயனில்லை. 1913 இல் செங்ஹெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர் வெடிப்பில் மாண்டபோது, முகாமையாளருக்கு விதித்த தண்டம் 24 பவுண். அங்கே தனியார் முதலாளியைச் சுட்டினோம், சரிதான். ஆனால், அபர்வானின் சுரங்கமோ 1947 முதல் நாட்டுடைமை. சுரங்கங்கள் இனி மக்களின் சார்பில் நடத்தப்படும் என்று வாயில்தோறும் பலகை நாட்டினார்கள். அந்த மக்களின் முறையீட்டுக்குத்தான் மதிப்பில்லாமற் போயிற்று! "இதோ, சமதர்மத்தின் இலட்சணம்!" என்று கைகொட்டுவோருக்குச் செங்ஹெனித்தே மறுமொழி. நான் கேட்பது வேறு. மலைமேற் கழிவு கொட்டிய தொழிலாளிக்கும் மலையடியிற் பிள்ளை வளர்த்த தாய்க்கும் "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் இல்லையெனில், அவ்வுடைமை எந்த நாட்டாருடையது? பலகையை மாற்றியதோடு வேலை முடிந்தது என்றிருக்கும் தோழர்கள் இதற்கு விடை கூறட்டும்.

பழி சபையினதே என்று மன்றம் தீர்த்துரைத்தது. அதற்காக ஒருவரேனும் வேலை இழந்தாரா? இல்லை. ஒருவர் மீதேனும் வழக்குத் தொடுத்தார்களா? அதுவுமில்லை. சபைத் தலைவர் ரொபென்ஸ் பிரபு, முன்னாள் தொழிற்சங்கவாதி, தொழிற்கட்சி அரசில் அமைச்சராயிருந்தவர், பதவியிலே நீடித்தார். பிள்ளை ஒன்றுக்கு 500 பவுண் கொடுத்தனர். எஞ்சிய குன்றுகளையேனும் அகற்றுங்கள் என்று பெற்றோர் மன்றாடியபோது, அச்செலவுக்கென உலகத்தார் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுணைத் தொழிற்கட்சி அரசு பெற்றது. கொன்ற மண்ணை வாரும் கூலியைப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவரே கொடுத்தனர்! அத்தொகை 1997 இல் வட்டியின்றித் திரும்பியது. 2007 இலேதான் வேல்ஸ் அரசு மேலும் 15 இலட்சம் பவுண் அளித்தது.

மேர்தர் வேல் சுரங்கம் 1989 இல் மூடப்பட்டது. பாடசாலை இருந்த இடத்தில் நினைவுத் தோட்டம் உண்டு. மலைச்சரிவின் இடுகாட்டில் வெள்ளை வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. நிலக்கரியின் இலாபம் எப்போதோ வெளியேறிவிட்டது. கழிவோ வெளியேறவில்லை. வேல்ஸில் கைவிடப்பட்ட குன்றுகள் 2,500 க்கும் மேல். அவற்றைக் காக்கும் செலவு யாருடையது என்று இலண்டனும் கார்டிவ்வும் ஆண்டுக்கணக்கில் வாதாடின. அவ்வாதத்தினிடையே, 2020 பெப்ரவரியில் டைலர்ஸ்டவுனில் ஒரு குன்று சரிந்தது. 2024 நவம்பரில் கும்தில்லரியில், புயல்மழையோடு கருஞ்சேறு தெருவுக்குள் இறங்க, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.