தேய்வது க்ளட்ச் மட்டும்தானா?

(இயந்திரவியல் பிரிவு இறுதியாண்டு மாணவன்)



"ஹெவி டியூட்டி ப்ரஷர் ப்ளேட் போட்டுட்டா போதும்டா, க்ளட்ச் தேயவே தேயாது!" ஒர்க்ஷாப் வாசலிலும் ஹாஸ்டல் வராந்தாவிலும் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் நம்மில் யார்? வண்டி இழுக்கவில்லையா, கனமான ப்ளேட் போடு. அப்படியும் சரிவரவில்லையா, செராமிக் ப்ளேட் போடு. அதற்கும் மேலே, ப்ளைவீலை லேத்தில் கடைந்து எடையைக் குறை! இப்படி வைத்தியம் நீண்டுகொண்டே போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சக்தியைக் கூட்டாத ஒரு வண்டியில் க்ளட்ச்சை மட்டும் பலப்படுத்தினால் தேய்மானம் ஒழியாது, இடம் மாறும். அதற்கான பில்லைக் கட்டப்போவது நாமல்ல, வண்டிக்காரர்.

க்ளட்ச் தாங்கக்கூடிய முறுக்கு விசை எதைப் பொறுத்தது? உராய்வுக் குணகம், ப்ளேட்டை அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. இந்த நான்கையும் பெருக்கி எத்தனை கணக்கு போட்டிருக்கிறோம்! எஞ்சின் தரும் அதிகபட்ச முறுக்கு விசையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும்படிதான் கம்பெனியில் க்ளட்ச்சை வடிவமைக்கிறார்கள். ஆகவே நல்ல நிலையில் உள்ள க்ளட்ச், முழுதாகப் பிடித்த பிறகு வழுக்காது. வழுக்காத இடத்தில் தேய்மானம் ஏது? தேய்வதெல்லாம் பிடிக்கும் அந்த ஒன்றிரண்டு வினாடிகளில்தான்.

அந்த வினாடிகளில் என்ன நடக்கிறது? ஒரு சிறு கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார், சமதரையில், முதல் கியரில் புறப்படுகிறது. எஞ்சின் 1000 சுற்றில் நிற்க, கார் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தை எட்டும்போது க்ளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது காரின் இயக்க ஆற்றல் 2000 ஜூல். எஞ்சின் வேகம் மாறாமல் இருந்தால், ஏறக்குறைய அதே 2000 ஜூல் க்ளட்ச்சில் வெப்பமாகவும் போகிறது. இப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2000 சுற்றில் புறப்படுங்கள். வேகம் வினாடிக்கு 4 மீட்டர், வெப்பம் 8000 ஜூல். சுற்று இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு! இரண்டாம் கியரில் புறப்பட்டாலும் இதே கதைதான். மேட்டில் ஏறும்போது இன்னும் மோசம்.

இந்தக் கணக்கில் ப்ரஷர் ப்ளேட்டின் பலம் எங்கேயாவது வந்ததா? வரவில்லையே! பலமான ப்ளேட் போட்டால் வழுக்கும் நேரம் குறையும், வண்டி வெடுக்கென்று பிடிக்கும். மொத்தச் சூடு பெரிதாகக் குறையாது. அதைத் தீர்மானிப்பது ஓட்டுபவரின் கால். ஹாஃப் க்ளட்ச்சிலேயே மேட்டில் வண்டியை நிறுத்திவைக்கும் காலுக்கு எந்த ப்ளேட்டும் மருந்தாகாது.

சரி, தேய்மானம் எங்கே போகிறது? அழுத்தும் விசையைக் கூட்டினால் பெடலும் கனக்கும். கேபிள் வண்டியில் கேபிள் இழுபட்டு நைந்துபோகும். ஃபோர்க்கும் அதன் பிவட்டும் தேயும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலீஸ் பேரிங் வழியாகப் போகும் தள்ளுவிசை, கடைசியில் கிராங்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் வாஷரில் போய் உட்காருகிறது. சிக்னலில் கியரைப் போட்டு க்ளட்ச்சை மிதித்தபடியே நிற்பவர்கள் எத்தனை பேர்! க்ளட்ச் ப்ளேட் மாற்றுவது ஒரு செலவு. த்ரஸ்ட் வாஷர் போனால் எஞ்சினிலேயே கை வைக்க வேண்டும். தலைவலி போய் திருகுவலி வந்த கதைதான். டாக்ஸி ஓட்டும் அண்ணனின் இடது முழங்காலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செராமிக் பட்டைகள் வைத்த ப்ளேட் அதிக சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது, உதறும். எதிரே இருக்கும் ப்ளைவீல் முகத்தையும் அரிக்கும். நடுவில் டேம்பர் ஸ்ப்ரிங் இல்லாத ப்ளேட்டாக இருந்தால் எஞ்சினின் அதிர்வு நேரே கியர்பாக்ஸுக்குள் இறங்கும். ப்ளைவீலைக் கடைந்து மெலிதாக்கினால் எஞ்சின் சட்டென்று சுற்றை ஏற்றும். ஆனால் புறப்படும்போது கைகொடுக்கும் சேமிப்பு ஆற்றல் குறைந்துவிடும். வண்டி ஆஃப் ஆகாமலிருக்க டிரைவர் கூடுதலாக ரெய்ஸ் பண்ணுவார். மேலே பார்த்தோமே, சூடு நான்கு மடங்கு... அதுதான் மிச்சம்! டர்போ பொருத்தி முறுக்கு விசையை நிஜமாகவே கூட்டிய வண்டிக்கும், பந்தய வண்டிக்கும் இவை தேவைப்படலாம். ஊருக்குள் ஓடும் குடும்பக் காருக்கு எதற்கு?

"அப்படின்னா க்ளட்ச் சிஸ்டத்துல கையே வைக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். வைக்கலாம், வைத்தே ஆகவேண்டிய இடமும் உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 24-ஆம் விதிப்படி அதில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அதற்காக மாஸ்டர் பக்கமும் பெடல் வைத்து, ராடு அல்லது கேபிள் மூலம் அசல் பெடலோடு இணைக்கிறார்கள். நல்ல மாற்றம், உயிர் காக்கும் மாற்றம். ஆனால் அந்த ராடைத் துளிக்கூட லூஸ் இல்லாமல் மாட்டினால் என்ன ஆகும்? இரண்டாவது பெடலின் பாரம் எப்போதும் லிங்கேஜில் தொங்கும். ஃப்ரீ பிளே பறிபோகும். ரிலீஸ் பேரிங் டயாஃப்ரம் விரல்களை விடாமல் உரசும், ப்ளேட் வழுக்கும். போதாக்குறைக்கு மாஸ்டரின் காலும் பெடல் மேலேயே இருக்கும்! பழி யாருக்கு? "கத்துக்கிற பசங்க ப்ளேட்டைத் தேச்சிட்டாங்க!"

மாணவர்கள் தேய்ப்பதும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது பெடலுக்குத் தனி ரிட்டர்ன் ஸ்ப்ரிங், இணைப்பில் சிறிது இடைவெளி, மாஸ்டர் கால் வைக்க ஒரு கட்டை... இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு என்ன? ஒரு க்ளட்ச் செட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கால் ஊனமுற்றவர்களுக்காகக் கையால் இயக்கும் க்ளட்ச் லிவர் பொருத்துகிறார்களே, அங்கும் பெடல் பாரம் குறைவாக இருந்தால்தான் கை தாங்கும். நம் மூளையைச் செலவிட வேண்டிய மாற்றங்கள் இவைதான் என்பேன்.

நண்பர்களே! நாளை நாம்தான் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதப் போகிறோம். "க்ளட்ச் போச்சு சார், செட்டை மாத்திடலாம்" என்று சொல்ல டிப்ளமோ தேவையில்லை. கேபிள் வண்டியில் லைனிங் தேயத் தேய டயாஃப்ரம் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்ந்து, ஃப்ரீ பிளே தானாகவே குறையும் என்பது நமக்குத் தெரியும். நிரந்தரமாகக் கெடும் முன் ஒரு நட்டைத் திருகிச் சரிசெய்யக்கூடிய குறை அது. 2014 வரை உற்பத்தியான மாருதி 800 போன்ற கேபிள் க்ளட்ச் வண்டிகள் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன. ஆகவே கியர்பாக்ஸை இறக்கும் முன் ஃப்ரீ பிளேயை அளந்து பாருங்கள். கேபிள் சிக்குகிறதா என்று பாருங்கள். பின்பக்க ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருக்குமோ என்று யோசியுங்கள். அந்த வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார் என்று கேளுங்கள். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையும் கவனியுங்கள்.

நோயின் காரணத்தைத் தேடிவிட்டு மருந்து கொடுக்கச் சொன்னார் வள்ளுவர். மனிதருக்கு மட்டுமா அது? ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் அன்றைய வருமானமே போய்விடும் என்ற நிலையில் ஒருவர் நம்மை நம்பிச் சாவியைக் கொடுக்கிறார். அவருக்குத் தேவையில்லாத பாகத்தை விற்பது தொழில்நுட்பம் ஆகாது. அளந்து பார்ப்போம், காரணம் அறிவோம், பிறகு ஸ்பேனரை எடுப்போம்!