தேடுவார்க்கு ஒரு வாயில்

சேந்தன் திவாகரம் முதலாய நிகண்டுகள் செய்யுளால் இயன்றவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், மரப் பெயர் எனத் தொகுதி தொகுதியாக வகுக்கப்பெற்றவை. அவற்றை மனனஞ் செய்தவனுக்கு அவை கைவிளக்கு; செய்யாதவனுக்கோ பூட்டிய பேழை. 1732 ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்துச் சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தியபோது அப்பேழைக்குத் திறவுகோல் கிடைத்தது. 1842 இல் யாழ்ப்பாணத்து மானிப்பாய் அகராதியும், 1902 இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை இயற்றிய அபிதான கோசமும் அவ்வழியே வந்தன. நூலை ஆக்கியவனுக்கும் அதில் ஊறியவனுக்கும் வரிசை வேண்டியதில்லை. புதிதாய் வருபவனுக்கே அது வேண்டும். அகராதி என்பது விருந்தினனை நினைந்து செய்யப்பட்ட ஏற்பாடு எனலாம்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் இணையத்தளத்தை நோக்குங்கால், நாம் இன்னும் நிகண்டுக் காலத்திலேயே நிற்கின்றோமோ என ஐயுற வேண்டியிருக்கின்றது. கல்லூரி மலர்கள் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. அதிபர்களின் வரலாறுகள் உள. விழாப் படங்களுக்குக் குறைவில்லை. ஆயின், வருகின்றவர் ஒரு பெயரை எழுதிக் கேட்பதற்கு அங்கு ஓரிடமில்லை. எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்பதை முன்னரே அறிந்தவருக்கே அத்தளம் பயன்படும். அவருக்கோ தளமே வேண்டியதில்லை, மலர் அவர் வீட்டு அலுமாரியில் இருக்கும்! தலவாக்கலையிலும் அயற்றோட்டங்களிலும் வாழும் பழைய மாணவராகிய நாம், இவ்விழா ஆண்டிலேயே அத்தளத்தில் தேடல் வசதி அமைக்கப்படல் வேண்டுமென வற்புறுத்துகின்றோம். வாயில் வளைவு கட்டுவதா, மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவதா என்று ஆராயும் சங்கத்தாருக்கு இஃது அற்பமாய்த் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

காரணம் உண்டு. மலையக மக்களின் வரலாறு தனி நூல்களிற் காணப்படுவதிலும் மிகுதியாகப் பிறர் ஏடுகளின் மூலைகளிற் சிதறிக் கிடக்கின்றது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியினின்றும் பாராளுமன்றஞ் சென்றவர் மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் கணக்குப் பேசிற்று. அக்கணக்கின்படி கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றனர். பாட்டன் பிறந்த தோட்டம் எது, அவருடன் படித்தவர் யார் என்று அவர்கள் வினவும்போது, விடை ஒரு பழைய கல்லூரி மலரின் உதைபந்தாட்டக் குழுப் பட்டியலில் இருத்தல் கூடும். நாடகத்தில் வேடமிட்டோர் பெயர்களிடையே இருத்தல் கூடும். அப்பக்கத்தைத் தேடியெடுக்க வழியில்லையேல், அஃது இருந்தும் இல்லாததேயாகும்.

தேடல் வசதி என்பது மந்திரமன்று. நூலின் இறுதியிற் சேர்க்கப்படும் பொருளடைவைப் போன்று, ஒவ்வொரு சொல்லும் எவ்வெப் பக்கங்களில் வருகின்றதென்பதைக் கணினி முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்கின்றது. கேட்டவுடன் அக்குறிப்பைப் பார்த்து விடை தருகின்றது. இதில் வியத்தற்கு ஒன்றுமில்லை. இடர் வேறிடத்தில் இருக்கின்றது.

எம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தலவாக்கலை என்று இன்று எழுதுகின்றோம். முன்னையோர் பலர் தலவாக்கொல்லை என்று எழுதினர். சிங்கள ஒலியைப் பின்பற்றித் தலவாக்கெலை என்பாரும் உளர். ஆங்கில எழுத்திலோ இரண்டு மூன்று வடிவங்கள் வழங்குகின்றன. அடுத்த ஊருக்கு ஹட்டன், ஹற்றன், அட்டன் என மூன்று பெயர். லிந்துலையும் லிந்துலவும் ஒன்றே. வேலுப்பிள்ளையவர்களின் முதலெழுத்தைச் சி. என்றும் சீ. என்றும் ஸி. என்றும் அச்சிட்டிருக்கின்றனர். இவற்றுக்கும் மேலாக, ஆங்கிலத் துரைமார் தம் நாட்டு ஊர்களின் பெயரைத் தோட்டங்களுக்குச் சூட்ட, தொழிலாளர் தம் வாய்க்கு இசைந்த வேறு பெயரை இட்டு வழங்கிய வழக்கமும் உண்டு. ஒரு வடிவத்தைத் தட்டுபவருக்கு மற்றை வடிவங்களும் அகப்படுமாறு செய்யாத தேடுபெட்டி, கதவைத் தட்டியவரிடம் ‘அப்படி ஒருவரும் இங்கில்லை’ என்று கூறும் காவற்காரனை ஒக்கும். அவர் உள்ளேதான் இருக்கின்றார். வேறு பெயரால் அழைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

இலக்கணமும் இடர் செய்கின்றது. ‘தோட்டம்’ என்று தேடினால், ‘தோட்டத்தில்’ என்பதும் ‘தோட்டப் பாடசாலை’ என்பதும் எழுத்தளவில் ஒவ்வாமையால் விடுபட்டுப் போம். ‘கொழுந்து’ என்று கேட்பவருக்குத் ‘தேயிலைக்கொழுந்து’ கிடைக்க வேண்டுமாயின் சொல்லின் இடையிலும் நோக்கல் வேண்டும். நம் பழைய மலர்களில் எழுதிய பண்டிதர்களோ ‘கண்டியிற்றோன்றிய’ என்று பிழையறப் புணர்த்தே எழுதினர். அன்று புலமைக்கு அழகாயிருந்தது இன்று இயந்திரத்துக்கு முட்டுக்கட்டையாயிற்று! ஆங்கிலத் தளத்துக்கென ஆக்கிய தேடுபொறியை அப்படியே கொணர்ந்து பொருத்தினால் போதாதென்பதற்கு இவையே சான்று.

எழுத்துருச் சிக்கலும் உண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரைகள் திரையில் தமிழாய்த் தோன்றினும், கணினிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே. அவற்றை யூனிக்கோடுக்கு மாற்றியாதல் வேண்டும். யூனிக்கோடிலும் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, ஒழுங்குபடுத்தாவிடில் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்களாகிவிடும்.

இவற்றினும் பெரிது, நம் மலர்கள் பெரும்பாலும் ஒளிப்படங்களாகவே ஏற்றப்பட்டிருத்தல். படத்துள் சொல் இல்லை. எழுத்துணரி கொண்டு அவற்றைப் படிக்கச் செய்யலாமாயினும், 1978 இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்குமுன் அச்சான ஏடுகளில் ணை, லை, ளை, னை என்பன துதிக்கையுடனும், ணா, றா, னா என்பன சுழியுடனும் நிற்கின்றன. இக்கால எழுத்தைப் பயின்ற இயந்திரம் அவ்விடங்களிலே தடுமாறுகின்றது. ஆகவே மனிதர் கண் கொண்டு திருத்துதல் இன்றியமையாதது.

இவ்வளவும் செய்து முடிக்கப் பல்லாண்டு செல்லுமே என்பார்க்கு நூலகத் திட்டத்தை எடுத்துக்காட்டுவோம். 2005 இல் தொடங்கப்பெற்ற அத்திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படமெடுத்து வைப்பதோடு அமையாது, மிகப் பலவற்றின் உள்ளடக்கத்தைத் தட்டெழுதி அவ்வவற்றின் பக்கத்திலேயே இட்டிருக்கின்றது. கட்டுரையின் முழுவாசகமும் தேடலில் அகப்படாவிடினும் அதன் தலைப்பாவது அகப்படும். இது நடைமுறையறிந்தோர் கண்ட வழி. முழுவாசகத்துக்கு மதுரைத் திட்டம் சான்றாகும். 1998 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று கலியாணசுந்தரம் என்னும் அறிவியலாளர் சுவிற்சலாந்திலிருந்து முன்னின்று தொடக்கிய அம்முயற்சியிற் பல நாட்டுத் தன்னார்வலர் இலக்கியங்களைத் தட்டியும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர்; கூலி பெற்றாரல்லர். நம் சங்கத்தினரோ ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கல்லூரிக்கு யாது செய்யலாம் என்று கேட்டவண்ணம் இருக்கின்றனர். ஆளுக்கொரு மலரின் பொருளடக்கத்தையும் பெயர்ப் பட்டியல்களையும் தட்டித் தருவாராயின் முதற்படி நிறைவேறும்.

‘கூகுள் இருக்க இதெல்லாம் எதற்கு?’ என்று இளைஞர் சிலர் வினவக் கேட்டிருக்கின்றோம். கூகுளின் ஆற்றலை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் அது நம் ஏடுகளுள் எவற்றை எப்போது எட்டிப் பார்க்கும் என்பது நம் கையில் இல்லை. அதன் தேடுபெட்டியை இலவசமாகத் தளத்தில் ஒட்டிக்கொண்டாலோ விளம்பரமும் உடன் வரும். பட்டியலிலுள்ள இந்தத் தோட்டமும் அந்தத் தோட்டமும் ஒன்றென்பதை அதற்குச் சொல்லிக்கொடுக்க இயலுமா? நம் தளத்துக்கு நாமே அதனைச் சொல்லிக்கொடுக்கலாம்.

சேர்க்கத் தகாதனவும் உள. அனுமதிப் பதிவேடுகள், புள்ளிப் பட்டியல்கள், இல்ல முகவரிகள் ஆகியன தேடலுக்குள் வருதல் கூடாது. அச்சேறி ஊரறிந்தவை மாத்திரமே போதும். தேடியும் விடை கிடையாத சொற்களை, தேடியவர் இன்னார் என்னும் குறிப்பின்றி, தளம் தனியே சேர்த்து வைக்குமாயின் மிக நன்று. அப்பட்டியலை மாதந்தோறும் படித்தால், எந்த மலர் இன்னும் ஏறவில்லை, எந்த ஊரின் எவ்வடிவம் விடுபட்டது என்பன தாமே புலப்படும். வருவோரிற் பலர் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தாலே தமிழைத் தட்டுவர் என்பதையும் அமைப்போர் மறவாதிருக்க.

தலவாக்கலை, லிந்துலை, வட்டகொடை, கொட்டகலைப் பகுதிகளின் ஊர்ப் பெயர்களையும் தோட்டப் பெயர்களையும், முதியோர் வாய்வழக்கு, அச்சு வழக்கு, ஆங்கில வழக்கு ஆகிய மூன்றும் அடங்க எழுதித் தொகுக்கும் பணியை நாம் ஏற்கின்றோம். ஏனைய பகுதிகளிலுள்ள பழைய மாணவரும் தத்தம் ஊர்ப் பட்டியலை எழுதிச் செயலாளருக்கு அனுப்புவாராக. முற்கால மலர்களுள் தளத்தில் இல்லாதனவற்றை வைத்திருப்போர், படமெடுத்துத் திருப்பித் தரும்பொருட்டு அவற்றைச் சில நாள் இரவல் தருதல் வேண்டும்.