'தெதெலெஸ்தாய்': வினைவடிவமும் பொருளும்

யோவான் நற்செய்தி 19:30இல் இயேசு உயிர்விடும் தறுவாயில் கூறும் 'தெதெலெஸ்தாய்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் 'கடன் முழுதும் தீர்ந்தது' எனப் பொருள் கூறுவோர் உளர். எகிப்தியப் பாபிரசுச் சுங்கச் சீட்டுகளை அதற்குச் சான்று காட்டுவர். அச்சீட்டுகளில் பெரும்பாலும் காணப்படுவது சொற்சுருக்கமே. முழுவடிவில் எழுதப்பெற்ற சீட்டுகளை நோக்கின், அது 'சுங்கம் செலுத்து' எனப் பொருள்படும் 'தெலோனேஓ' என்னும் வேறொரு வினையின் வடிவமாதல் புலனாகும்.

'தெலெஓ' என்னும் வினை, 'முடிவு, குறிக்கோள்' எனப் பொருள்படும் 'தெலோஸ்' என்னும் பெயரொடு தொடர்புடையது. வரி செலுத்துதலையும் அது குறிக்கும். ஆயின் மத்தேயு 17:24, உரோமையர் 13:6 ஆகிய இடங்களில் வரியைக் குறிக்கும் சொல் செயப்படுபொருளாக உடன்வருகிறது. யோவான் 19:30இல் அத்தகைய சொல் இல்லை. இரு வசனங்களுக்கு முன் (19:28) இதே வடிவம் 'எல்லாம்' என்னும் எழுவாயொடு வருகிறது. கிரேக்கத்தில் அஃறிணைப் பன்மை எழுவாய் ஒருமை வினை கொள்ளும். ஆதலின் 19:30இலும் 'எல்லாம்' என்பதே தோன்றா எழுவாயாதல் பொருந்தும்.

செயல் முடிந்து அதன் பயன் நிலைத்திருத்தலை உணர்த்துவது இச்செயப்பாட்டு வினைவடிவம். தமிழில் 'முடிந்தது' என்னும் இறந்தகால முற்று செயலின் முடிவையே முன்னிறுத்தும். 'நிறைவேறியிருக்கிறது' என்பதில் 'இரு' என்னும் துணைவினை நிலைபேற்றையும் சுட்டும். கடன்தீர்வு என்னும் கருத்து இறையியலில் பிற சான்றுகளால் நிறுவப்படலாம். இச்சொல்லின் மீது அதனை ஏற்றியுரைத்தல் இலக்கணத்திற்கு ஒவ்வாது.