கவிதை பிறந்தது 1789-லா?

இங்கிலாந்தில் நம் பத்தாம் வகுப்பு மாதிரி ஒரு பரீட்சை உண்டு. ஜி.சி.எஸ்.இ. என்பார்கள். பதினாறு வயதில் எழுதுவது. 2015 முதல் நடப்பில் இருக்கும் அதன் ஆங்கில இலக்கியப் பாடத்துக்கு அரசாங்கம் போட்ட விதி இது: ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று, 19-ம் நூற்றாண்டு நாவல் ஒன்று, 1914-க்குப் பிறகு அந்தத் தீவுகளில் எழுதப்பட்ட கதையோ நாடகமோ ஒன்று, அப்புறம் 1789-லிருந்து எழுதப்பட்ட கவிதைகள் கொஞ்சம்.

1789! அதற்கு முன்னால் அந்த மொழியில் ஒருத்தரும் பாடவில்லையா என்ன?

பாடினார்கள். 'பியோவுல்ஃப்' என்று ஒரு காவியம், 3,182 வரி. (2007-ல் வந்த ஹாலிவுட் படத்தால் சிலருக்குப் பேர் பரிச்சயம் இருக்கலாம். ஏஞ்சலினா ஜோலிதான் அதில் ராட்சசனின் அம்மா!) வரிக்கு வரி மோனை. கடலைத் 'திமிங்கலப் பாதை' என்றும் உடம்பை 'எலும்பு வீடு' என்றும் சொல்லும் பாட்டு. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் மிச்சம். 1731-ல் லண்டனில் நடந்த தீ விபத்தில் அதன் ஓரம் கருகிப்போனது. தப்பிப் பிழைத்து இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பரீட்சையில்தான் இடமில்லை.

சரி, சரித்திர வகுப்பிலாவது? ஆங்கிலோ-சாக்ஸன், வைக்கிங் சமாசாரமெல்லாம் ஏழிலிருந்து பதினொரு வயதுக்குள் முடிந்துவிடும். அட்டையில் கவசத் தொப்பி செய்து மாட்டிக்கொள்கிற வயசு. பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் பாடத்திட்டத்தின் இடைக்காலம் 1066-ல், நார்மன் படையெடுப்போடு தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆறு நூற்றாண்டுகளை ஆசிரியர் மனசு வைத்தால் தொடலாம். பரீட்சைக்கு வராத விஷயத்துக்கு எத்தனை ஆசிரியர்களால் மனசு வைக்க முடியும்? விருப்பப் பாடம் ஒன்று 'ஆங்கிலோ-சாக்ஸன்' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. அது ஆரம்பிப்பது 1060-ல்! விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வெற்றிலை பாக்கு மட்டும் கொடுப்பது இதுதான்.

'பழைய குப்பை, போனால் போகட்டும்' என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் காலி செய்த வீட்டில் வேறு ஆட்கள் குடியேறிவிடுவார்கள்.

குடியேறிவிட்டார்கள். 2017-ல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறிக் கும்பல் இடைக்காலச் சின்னங்களை ஏந்திக்கொண்டு ஊர்வலம் போனது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சில உறுப்பினர்கள் தொடங்குவதாக இருந்த அமைப்பின் வரைவு அறிக்கை வெளியானது. நாட்டின் அடித்தளமே 'ஆங்கிலோ-சாக்ஸன் அரசியல் மரபு' என்கிற தொனியில் அதில் ஒரு வரி. அந்த வார்த்தைக்கு ஏறிவிட்ட நாற்றம் தாங்காமல், அந்தக் காலத்தை ஆராயும் அறிஞர்களின் சர்வதேச சங்கமே 2019-ல் தன் பெயரிலிருந்து அதை எடுத்துவிட முடிவு செய்தது. அறிஞர்கள் கூச்சப்பட்டதில் தப்பில்லை. ஆனால், கொடியோடு வருகிறவனிடம் பதில் சொல்ல பதினைந்து வயசுப் பையனுக்கு யார் கற்றுத்தருவது?

பதில் அந்தக் காவியத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 'இங்கிலாந்தின் தேசிய காவியம்' என்கிறார்களே, அதில் இங்கிலாந்தே கிடையாது. கதாநாயகன் இன்றைய ஸ்வீடனின் தென்பகுதிக்காரன். சண்டை போடுவது டென்மார்க்கில். டென்மார்க், ஜெர்மனிக் கரைகளிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்த ஜனங்களின் வாரிசுகள், அந்தப் பழைய கரைகளைப் பற்றிப் பாடிய பாட்டு. வந்தேறிகளின் பாட்டு, ஐயா!

669-ல் கேன்டர்பரிக்குப் பேராயராக வந்த தியடோர், இன்றைய துருக்கியில் இருக்கும் டார்சஸ் ஊர்க்காரர். அவரோடு சேர்ந்து அங்கே கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஹேட்ரியன், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். 'சுத்த' ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துப் பள்ளிக்கூடத்தின் லட்சணம் இது. லண்டன் ஈஸ்ட்ஹாம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு 'இது உன் சரித்திரம் இல்லை' என்று சொல்ல இதில் எவனுக்கு உரிமை?

அடுத்த ஆட்சேபம்: 'வெறும் ராட்சசக் கதைதானே? சின்னப் பிள்ளைகளுக்குப் போதும்.' சில பள்ளிகளில் பதினொரு வயதில் சுருக்கமாகச் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால், சுருக்கத்தில் போய்விடுவதுதான் கதையின் உயிர்.

கென்ட் ராஜா எத்தல்பெர்ட், 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சட்டம் போட்டார். ஆங்கில மொழியில் கிடைத்திருப்பதிலேயே பழைய சட்டம் அது. கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங். முன்பல்லை உடைத்தால் 6 ஷில்லிங். ஆளைக் கொன்றால் அதற்கும் விலை உண்டு. பழிக்குப் பழி என்று தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு சாகாமலிருக்கக் கண்டுபிடித்த வழி. இதைப் படித்துவிட்டுக் காவியத்தைத் திறந்தால், கிரெண்டல் ஏன் ராட்சசன் என்று புரியும். அவன் கொல்கிறான், நஷ்டஈடு கொடுக்க மறுக்கிறான். பியோவுல்ஃப் அவன் கையைப் பிய்த்து எடுக்க, மண்டபத்தில் வெற்றிச்சின்னமாகத் தொங்கவிடுகிறார்கள். மறுநாள் ராத்திரி அவன் அம்மா வருகிறாள். மகனுக்காக ஒரே ஓர் ஆளைக் கொன்று, மகனின் கையை எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் செய்தது தப்பா? மனிதர்கள் செய்தால் பழி, அவள் செய்தால் மட்டும் பாதகமா? இரண்டு பக்கமும் வேண்டியவர்களின் உயிரைக் கொடுத்துத் தீர்க்கிற பேரம் உருப்படாது என்று கவிஞரே சலித்துக்கொள்கிறார். ஏழு வயதில் கேட்கிற கேள்வியா இது? பதினைந்து வயதில் கேட்காமல் விடலாமா?

மொழி கஷ்டம் என்பது நொண்டிச் சாக்கு. வட அயர்லாந்தின் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்த சீமஸ் ஹீனி 1999-ல் மொழிபெயர்த்த 'பியோவுல்ஃப்', அந்த ஆண்டுக்கான விட்பிரெட் பரிசுப் போட்டியில் ஹாரி பாட்டரையே தோற்கடித்தது. இங்கிலாந்து ஆண்ட மண்ணின் பிள்ளைதான் இங்கிலாந்துக்கு அதன் காவியத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் கேட்பது அதிகமில்லை. பதினாலு, பதினைந்து வயசுக்காரர்களுக்கு ஆறு வாரம் போதும். சரித்திர ஆசிரியரும் இலக்கிய ஆசிரியரும் ஒரே வகுப்பில் நிற்கட்டும். 1939-ல் சட்டன் ஹூவில் மண்ணுக்கடியில் கிடைத்த கப்பல் சமாதியின் படங்கள், எத்தல்பெர்ட்டின் விலைப் பட்டியல், ஹீனியின் மொழிபெயர்ப்பு, மூலத்தில் முப்பது வரி வாய்விட்டுப் படிக்க. கடைசியில் பரீட்சையில் ஒரு கேள்வி. கேள்வி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் நடக்காது என்று பள்ளிக்கூடம் பக்கம் போன எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் காவியம் வெற்றியில் முடிவதில்லை. கிழட்டு ராஜாவாகிவிட்ட பியோவுல்ஃப் டிராகனோடு மோதும்போது, கூட வந்த பத்து வீரர்கள் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். ஒரே ஒருத்தன் நிற்கிறான். ராஜா செத்துப்போகிறார். சிதைக்குப் பக்கத்தில் ஒரு பெண், இனி எதிரிகள் வருவார்களே என்று அழுகிறாள். ஒரு மாவீரனை நம்பி உட்கார்ந்த நாடு அவனோடு என்ன ஆகும் என்று அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது.

கவசத் தொப்பி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறவர்கள் இந்தக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளாவது படிக்கட்டும்.