பளிங்கு எலும்புக்குத் தைராய்டு மருந்தா?

தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் எலும்பு அரித்துப்போகும் என்பதை 1891இலேயே ஃபான் ரெக்லிங்ஹௌசன் பதிவு செய்தார். எலும்பு கரையாமல் இறுகிப்போகும் பரம்பரை நோயை 1904இல் ஹாம்பர்க் எக்ஸ்ரே மருத்துவர் ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் விவரித்தார். இரண்டையும் படித்தவருக்கு ஒரு யோசனை வரும்: ஆஸ்டியோபெட்ரோசிஸ் குழந்தைக்கு டி3 கொடுத்து எலும்பைக் கரைத்தால் என்ன? ஆய்வாளர்களுக்கும் வந்த யோசனைதான். ஆயினும் நம் புறநோயாளிப் பிரிவில் அதற்கு இடமில்லை என்பதே இவ்விதழின் நிலை.

பெரியவர்களின் எலும்பில் பழையது கரைந்து புதியது படியும் ஒரு சுற்றுக்குச் சுமார் 200 நாள் ஆகும். தைராய்டு மிகையில் அது ஏறக்குறையப் பாதியாகிறது. குறைபாட்டில் 700 நாள் வரை இழுக்கிறது. மிகையின்போது ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு எலும்பு திரும்பி வருவதில்லை. டி3 இதைப் பெரும்பாலும் ஆஸ்டியோபிளாஸ்ட் வழியாகச் செய்கிறது. அச்செல்கள் ராங்க் லிகண்ட் புரதத்தைக் கூடுதலாக வெளியிட, ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பெருகுகின்றன.

பளிங்கு எலும்பு நோயில் குறை வேறிடத்தில் இருக்கிறது. சிசுப் பருவத்துக் கடுமையான வகையில் பாதியளவு, டிசிஐஆர்ஜி1 மரபணுப் பிழையால் வருவது. அதில் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் ஏராளமாகவே உள்ளன. எலும்பின் தாதுவைக் கரைக்கும் அமிலத்தைச் சுரக்கும் பம்புதான் பழுது. மோட்டார் ஓடாத விசைத்தறிக்கு ஆள் கூட்டினால் துணி வராது. டிஎன்எஃப்எஸ்எஃப்11 பிழையிலோ ராங்க் லிகண்ட் சுரக்கவே வழியில்லை. அங்கே டி3 எதைத் தூண்டும்? ஓரளவு கரைக்கும் திறன் எஞ்சியுள்ள மிதமான வகைகளில் சிறுநீரில் எலும்புச் சிதைவுக் குறியீடுகள் உயரலாம். அதனால் மஜ்ஜைக்கு இடம் கிடைத்தது என்றோ, பார்வை நரம்பின் நெருக்கடி தீர்ந்தது என்றோ முடிவுகட்ட முடியாது.

கால்சிட்ரியால் கதை நமக்குப் பாடம். அதிக அளவு கால்சிட்ரியால் எலும்புச் சிதைவைத் தூண்டும் என்று 1984இல் நம்பிக்கை பிறந்தது. 2017இல் வெளியான பன்னாட்டு நிபுணர் வழிகாட்டுதலோ அந்த அதிக அளவு வேண்டாம் என்றது. டி3இன் ஆபத்து அதைவிட நேரடியானது. எடை கூடாமல் ரத்த சோகையோடு இருக்கும் சிசுவின் இதயத்தை அது மேலும் விரட்டும். தைராய்டு மிகை நீடித்தால் மண்டையோட்டு இணைப்புகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். மண்டைத் துளைகள் ஏற்கெனவே குறுகிய குழந்தைக்கு இதைவிடத் தீங்கு என்ன?

ஆஸ்டியோகிளாஸ்ட் ரத்த மூலச்செல்லிலிருந்து வருவது. அதனால்தான் எலும்பு மஜ்ஜை மாற்று இந்நோயை மாற்றவல்லது. ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு அண்ணனின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்ட மினசோட்டா மருத்துவர்களின் அறிக்கை 1980இல் வந்தது. வேலூர் சிஎம்சியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது. ஆனால் இழந்த பார்வையை மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் மீட்டுத் தராது. ஓஎஸ்டிஎம்1 வகையில் மூளைச் சிதைவை அது தடுக்காது. ராங்க் லிகண்ட் குறைபாட்டில் பயனே இல்லை. எனவே மரபணுப் பரிசோதனை முதலில்; அதுவும் வாரக்கணக்கில் காத்திராமல்.

இந்த அவசரம் குமாரபாளையம், பள்ளிபாளையம், சங்ககிரி மருத்துவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு திருமணங்கள் சொந்தத்துக்குள். இந்திய அளவில் 11. மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டிய வீட்டுச் சிசு வெளிறிப்போய், வயிறு உப்பி, வெளிச்சத்தைப் பின்தொடராமல், கால்சியம் குறைந்து வலிப்போடு வந்தால், சத்துக் குறைவு என்று டானிக் எழுதி அனுப்பக் கூடாது. நெஞ்சு, கை எக்ஸ்ரே ஒன்று போதும். மஜ்ஜைக் குழி தெரியாமல் சுண்ணாம்பு போல வெளுத்த எலும்பு உடனே கண்ணில் படும். ரத்த எண்ணிக்கை, கால்சியம், கண் பரிசோதனை ஆகியவற்றை அதே வாரத்தில் முடித்து மாற்று மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை ஆஸ்டியோபெட்ரோசிஸை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2022 முதல் உயர் சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழியுண்டு. தறிக்கூலியில் வாழும் பெற்றோருக்கு இதைச் சொல்வதும் சிகிச்சையில் சேரும். அடுத்த கர்ப்பத்தில் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு என்பதையும், பிழை தெரிந்தால் கருவிலேயே சோதிக்கலாம் என்பதையும் அப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.

தைராய்டை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம். இக்குழந்தைக்குத் தைராய்டு குறைபாடும் இருந்தால் டி4 கொடுத்து இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது கடமை. குறைபாடு எலும்புச் சுழற்சியை இன்னும் மந்தமாக்கும். மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்துகளால் பின்னாளில் தைராய்டு சோர்வதும் உண்டு. ஊர் திரும்பிய குழந்தைக்கு ஆண்டுதோறும் டிஎஸ்எச் பார்ப்பது உள்ளூர் மருத்துவரின் பொறுப்பு. குறைபாட்டை நிரப்பத் தைராய்டு மருந்து எழுதுவோம். எலும்பைக் கரைக்க எழுத வேண்டுமானால், அது நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வுக்குள் மட்டுமே நடக்கட்டும்.